நம் தேர்தல் முறையை மாற்றலாமா? குமரி மாவட்டக் கணக்கை வைத்து ஒரு பதில்

மார்த்தாண்டத்தில் இருந்து, இப்போதுதான் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எனக்குப் பிடித்த கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீண், வரக்கூடாத ஆள் வந்துவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஜெர்மனியில் போல எத்தனை சதவீத ஓட்டோ அத்தனை சீட் என்று இந்தியாவிலும் மாற்ற முடியாதா? மாற்றினால் நல்லதா?"

மாற்ற முடியும் தம்பி, மாற்றவும் வேண்டும். ஆனால் தொகுதியே இல்லாத முழு விகிதாசார முறை வேண்டாம் என்பது என் கருத்து. தொகுதி எம்.பி. இருக்கட்டும், அதற்கு மேல் மாநில அளவில் ஒரு கட்சிப் பட்டியல் இருக்கட்டும் (கட்சி முன்கூட்டியே தருகிற பெயர் வரிசையில் இருந்து, அதன் வாக்குப் பங்குக்கு ஏற்ப எம்.பி.க்களை எடுப்பது), தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஓட்டு இருக்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம், முதலில் நம் மாவட்டக் கணக்கையே பார்ப்போம்.

2014 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரியில் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்கு வாங்கினார். காங்கிரஸின் வசந்தகுமார் 2,44,244. அ.தி.மு.க. 1,76,239. தி.மு.க. 1,17,933. நான்கு பேரும் தனித்தனியாக நின்றதால் 38 சதவீதத்தைக்கூடத் தொடாத ஒருவர் 1,28,000-க்கு மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-ல் அதே பொன். ராதாகிருஷ்ணன் 3,67,302 வாங்கினார், தோற்றார், அதுவும் 2,59,000-க்கு மேற்பட்ட வாக்கில். 2024-ல் 3,66,341 வாங்கினார், ஏறத்தாழ 1,80,000 வாக்கில் தோற்றார். மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 3.72 லட்சம், 3.67 லட்சம், 3.66 லட்சம். (வசந்தகுமார் மறைவுக்குப் பிறகு 2021-ல் நடந்த இடைத்தேர்தலில் மட்டும் 4.38 லட்சம் வந்தது, அப்போதும் தோல்விதான்.) ஒரு கட்சிக்குக் கிடைத்த ஆதரவு பத்து வருடமாக ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, முடிவோ ஒருமுறை பெரிய வெற்றி, இரண்டுமுறை பெரிய தோல்வி. எதிர்ப்பக்கம் எத்தனை துண்டாக நிற்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

நான் இதை எந்தக் கட்சிக்காகவும் சொல்லவில்லை. 2014-ல் இந்த மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் 62 சதவீதம் பேர் கேட்காத ஒருவர் அவர்களின் எம்.பி. ஆனார். 2019-லும் 2024-லும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் வாக்குக்கு மக்களவையில் ஒரு நாற்காலியும் கிடையாது. இரண்டையும் நான் தப்பென்றுதான் சொல்வேன்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 2019-ல் அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணியில் இருந்தது. 2014-ல் இருவரும் தனித்தனியாக வாங்கியதைக் கூட்டினால் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் சேர்ந்து நின்றபோது வந்தது 3.67 லட்சம், அதாவது பா.ஜ.க. முன்பு தனக்கென வாங்கியதைவிடக் குறைவு. மேலே தலைவர்கள் கை குலுக்கினார்கள், கீழே வாக்கு வரவில்லை. யார் யார் எங்கே போனார்கள் என்று ஒவ்வொரு வாக்காகச் சொல்ல முடியாதுதான், ஆனால் கூட்டல் சரியாக வரவில்லை என்பது தெளிவு. நம் நாட்டில் கூட்டணி என்பதே ஒரு வகையில் இரண்டாவது விருப்ப வாக்குதான்: "உன் கட்சி இங்கே நிற்கவில்லை, ஆகவே இவருக்குப் போடு." என்ன வேறுபாடு என்றால், அந்த இரண்டாவது விருப்பத்தை வாக்காளர் எழுதுவதில்லை, சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து தலைமை எழுதுகிறது. எனக்கு இந்த முறையில் உறுத்துவது இதுதான், சீட் கணக்கைவிட.

மாநில அளவுக்கு வந்தால் படம் இன்னும் பெரிது. 2014-ல் அ.தி.மு.க. ஏறத்தாழ 44 சதவீத வாக்கில் 39-க்கு 37 தொகுதியை எடுத்தது, தி.மு.க.வுக்கு 23 சதவீதத்துக்கு மேல் இருந்தும் பூஜ்யம். 2024-ல் அப்படியே திரும்பியது. தி.மு.க. அணிக்கு சுமார் 47 சதவீதம், 39-க்கு 39. அ.தி.மு.க. அணிக்கு சுமார் 23, பா.ஜ.க. அணிக்கு சுமார் 18, நாம் தமிழருக்கு 8, மூன்றுக்கும் சேர்த்து ஒரு எம்.பி. இல்லை. இரண்டு பெரிய கட்சிகளுமே இந்த அடியை வாங்கியிருக்கின்றன, ஆனாலும் அடுத்தமுறை நமக்குச் சாதகமாக விழும் என்ற நம்பிக்கையில் யாரும் முறையைத் தொடுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் பகுஜன் சமாஜ் 2014-ல் நாடு முழுக்க 4 சதவீதத்துக்கு மேல் வாங்கி, வாக்கில் மூன்றாவது பெரிய கட்சியாக இருந்தும் ஒரு இடம்கூடப் பெறவில்லை.

சரி, குமரிக்கே திரும்புவோம், ஏனென்றால் இங்கே இந்த முறை செய்கிற கெடுதல் வேறு எங்கும் இல்லாத அளவுக்கு ஆழமானது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இப்படி ஏறக்குறைய சரிபாதியாக இருக்கிற ஊரில், ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் முழுவதும் உனக்கே என்று ஒரு விதியை வைத்தால் என்ன ஆகும்? 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த தலைமுறைக்குத் தெரியும், இங்கே அச்சத்தைக் கிளப்புவது எவ்வளவு எளிது என்று. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தச் சாதி, எந்த மதம், கத்தோலிக்கரா, சி.எஸ்.ஐ.யா என்று கணக்குப் போட்டுத்தான் சீட் கொடுக்கிறார்கள். ரப்பர் விலை, கல்குவாரி, மணல் ஆலை, கடலரிப்பு, நான்குவழிச் சாலை என்று பேச வேண்டியது மலையளவு இருந்தும் கடைசி வாரத்தில் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது: யார் வரக்கூடாது. உங்கள் வீட்டில் சொன்னதும் அதைத்தான். அவர்கள் மீது குற்றமில்லை, இந்த முறையில் அது புத்திசாலித்தனமான கணக்கு.

கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை ஒரே தொழில், ஒரே கவலை உள்ள மக்கள். ஆனால் சட்டமன்றத் தொகுதி என்று வரும்போது இவர்கள் கன்னியாகுமரி, குளச்சல், கிள்ளியூர் என்று துண்டாகி, ஒவ்வொன்றிலும் கடற்கரை அல்லாத உட்பகுதி வாக்குக்கு முன்னால் சிறுபான்மை ஆகிவிடுகிறார்கள். 1957-ல் குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன் காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரானார். அதற்குப் பிறகான இத்தனை தேர்தல்களில் கடற்கரைக்காரருக்கு வெல்லக்கூடிய சீட் கொடுங்கள் என்று கெஞ்சாத தேர்தல் உண்டா? பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்களுக்கு அந்தக் கெஞ்சலுக்கும் எண்ணிக்கை போதாது.

இந்த முறையை மாற்றுவது அரசியலமைப்பையே புரட்டிப் போடுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மக்களவை உறுப்பினர்கள் மாநிலங்களில் உள்ள தொகுதிகளில் இருந்து நேரடித் தேர்தலில் வர வேண்டும் என்றுதான் 81-வது பிரிவு சொல்கிறது. அதிக வாக்கு பெற்றவரை வென்றவராக அறிவிக்க வேண்டும் என்பது 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 64-வது விதியில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலும் மாநிலங்களவைத் தேர்தலும் இன்றைக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிற முறையில்தான் நடக்கின்றன, அதாவது முதல் எண்ணிக்கையில் தேவையான வாக்கு கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரின் வாக்குகள் அவற்றில் எழுதிய அடுத்த விருப்பத்துக்குப் போகும். 1969-ல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டவில்லை, இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணித்தான் நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். தமிழ்நாட்டில் மேலவை இருந்தவரை, அதாவது 1986 வரை, பட்டதாரிகளும் ஆசிரியர்களும் இதே மாதிரி எண் போட்டு வாக்களித்தார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கும் எம்.பி.க்களுக்கும் நியாயமான முறை வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள், பொதுமக்களுக்கு மட்டும் வேறு முறையை வைத்தார்கள்.

அதற்குக் காரணமும் சொன்னார்கள், அதை மதித்துப் பார்க்க வேண்டும். 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரீமுதீன் விகிதாசார முறை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் மறுத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த நாட்டுக்குத்தான் அந்த முறை பொருந்தும், அதோடு சபை சிறு குழுக்களாக உடைந்தால் நிலையான அரசு அமையாது என்பது அவர் வாதம். அன்றைய இந்தியாவில் முதல் வாதத்துக்குப் பதில் இல்லை. இன்றைக்கு குமரியின் எழுத்தறிவு 2011 கணக்கிலேயே 91 சதவீதத்துக்கு மேல். இரண்டாவது வாதம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இஸ்ரேலில் நாடே ஒரு தொகுதி, மூன்றேகால் சதவீதம் வாங்கினால் உள்ளே வரலாம், 2019-க்கும் 2022-க்கும் இடையில் ஐந்து தேர்தல் நடந்தது. முழு விகிதாசாரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். மற்றது, எம்.பி. யார் என்றே தெரியாத நிலை வந்துவிடும். ரயில் நிற்கவில்லை, கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அடுத்த தேர்தலில் நம்மிடம் வர வேண்டிய பயம் இருக்க வேண்டும்.

தமிழர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 1977-ல் நம் முறையில் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி 168-ல் 140 இடம் பிடித்தது. ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடம். அதைவிட மிகக் குறைந்த வாக்கு வாங்கிய தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18, ஏனென்றால் அதன் வாக்கு வடக்கு கிழக்கில் குவிந்திருந்தது. அந்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையை வைத்து ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்த்தன 1978-ல் அரசியலமைப்பையே மாற்றி எழுதினார். பிறகு விகிதாசாரம் வந்தது, 225 பேரில் 196 பேர் மாவட்டங்களில் இருந்து, 29 பேர் தேசியப் பட்டியலில் இருந்து. அதிலும் ஓட்டை உண்டு. கட்சிக்குள்ளேயே பிடித்த வேட்பாளரைக் குறிக்கிற விருப்பு வாக்குக்காக ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டு மாவட்டம் முழுக்கப் பணத்தை இறைக்கிறார்கள், மக்கள் தோற்கடித்தவர்கள் தேசியப் பட்டியல் வழியாக உள்ளே வந்ததும் நடந்திருக்கிறது. நாம் எடுப்பதாக இருந்தால் இந்த இரண்டையும் தவிர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நேபாளம் வேறு வழி. 275 பேரில் 165 பேர் தொகுதியில், 110 பேர் பட்டியலில். ஆனால் இரண்டையும் தனித்தனியாக எண்ணுவதால் தொகுதியில் அள்ளிய கட்சி பட்டியலிலும் தன் பங்கை முழுதாக எடுத்துக்கொள்கிறது. நியூசிலாந்தும் ஜெர்மனியும் அப்படிச் செய்வதில்லை, தொகுதியில் குறைவாகக் கிடைத்தவர்களுக்குப் பட்டியல் ஈடு கட்டுகிறது. நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தலிலும் அதிக வாக்கு வாங்கிய தொழிற்கட்சி தோற்றது, மக்கள் வெறுத்துப்போய் 1993-ல் வாக்கெடுப்பு நடத்தி முறையை மாற்றினார்கள், 2011-ல் இன்னொரு வாக்கெடுப்பில் அதையே வைத்துக்கொள்வோம் என்றார்கள். ஜெர்மனியில் 5 சதவீதத் தடை உண்டு, 2025-ல் ஐந்துக்கு நூலளவு குறைந்த ஒரு கட்சி வெளியே நின்றது. தடை இருந்தால் கொஞ்சம் வாக்கு வீணாகும், அதை ஏற்கத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இது புதிய யோசனையும் அல்ல. சட்ட ஆணையம் 1999-ல் தன் 170-வது அறிக்கையில் மக்களவையில் 25 சதவீதம் இடங்களைக் கூட்டி, கூட்டிய இடங்களைக் கட்சிப் பட்டியல் மூலம் நிரப்பலாம் என்றது. கால் நூற்றாண்டு அலமாரியில் கிடக்கிறது.

நான் சொல்வதை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன். தமிழ்நாட்டின் 39 தொகுதி அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் 13 பட்டியல் இடம். 2024 முடிவை இதில் வைத்தால் தி.மு.க. அணி தொகுதிகளில் தன் பங்குக்கு மேலேயே வாங்கிவிட்டதால் பட்டியலில் எதுவும் கிடையாது. 13-ம் மற்றவர்களுக்கு: அ.தி.மு.க. அணிக்கு 6, பா.ஜ.க. அணிக்கு 5, நாம் தமிழருக்கு 2 என்ற அளவில் வரும். 52-ல் 39 இன்னும் வென்ற அணியிடம்தான், நிலைத்தன்மை எங்கும் ஓடிப்போகாது. ஆனால் வாக்களித்தவர்களில் பாதிப்பேர் டெல்லியில் ஊமையாக இருக்க மாட்டார்கள். முக்கியமாக, மார்த்தாண்டத்தில் போட்ட கட்சி ஓட்டும் சென்னையில் போட்ட கட்சி ஓட்டும் ஒரே பெட்டியில் சேரும் என்பதால், குமரியில் ஜெயிக்கவே முடியாத கட்சிக்குப் போட்டாலும் அது எண்ணப்படும். மாநில அளவில் 5 சதவீதம் என்று தடை வைத்தால், ஒரே மாவட்டத்தில் ஒரே மதத்தை மட்டும் நம்பி நடத்துகிற கட்சிக்கு இதில் இடம் கிடைக்காது. கடற்கரை மக்களும் தொகுதி எல்லை தாண்டி, பட்டியலில் முதல் ஐந்துக்குள் எங்கள் ஆள் வேண்டும் என்று எல்லாக் கட்சியிடமும் பேரம் பேசலாம், இராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு.

ஒரு சூது நடக்கும், அதை முதலிலேயே அடைக்க வேண்டும். தென் கொரியாவில் 2020-ல் பெரிய கட்சிகள் பட்டியலுக்கென்று மட்டும் துணைக் கட்சிகளைத் தொடங்கி, தொகுதியே வெல்லாத கட்சி என்ற கணக்கில் ஈடுகட்டும் இடங்களையும் அள்ளின. கூட்டணி என்பது ரத்தத்தில் ஊறிய நம் ஊரில் இது முதல் தேர்தலிலேயே நடக்கும். ஆகவே தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்ட கட்சிகள் எல்லாம் பட்டியல் கணக்கிலும் ஒரே அணி என்று சட்டத்தில் எழுத வேண்டும். பட்டியல் வரிசையை வேட்புமனு நாளிலேயே வெளியிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது, தொகுதியில் தோற்றவர் பட்டியலில் வரக்கூடாது. தலைவர்களின் பிள்ளைகள்தான் பட்டியலை நிரப்புவார்கள் என்பது உண்மையான பயம். அதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை, ஆனால் இன்று தொகுதி சீட்டும் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டு ஓட்டு மக்களைக் குழப்பும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கிராம ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒரே நாளில் நான்கு நிறச் சீட்டில் நம் அம்மாக்களும் பாட்டிகளும் குத்துகிறார்கள். 2021 ஏப்ரல் 6 அன்று குமரி மாவட்டம் முழுக்க சட்டமன்றத்துக்கு ஒன்று, மக்களவை இடைத்தேர்தலுக்கு ஒன்று என்று இரண்டு மெஷினில் வாக்களித்தது.

விருப்ப வரிசை முறை மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நூறு வருடமாக இருக்கிறது, நமக்கும் சட்டரீதியாக அதுதான் சுலபம். ஆனால் தொகுதிக்கு ஒருவர்தான் என்னும்வரை கடைசியில் இருவர் மோதலாகத்தான் முடியும், குமரியில் அந்த இருவர் யார் என்பதும் நமக்குத் தெரியும். அதை உள்ளாட்சியில் முயலலாம் என்பேன். நாகர்கோவில் மாநகராட்சியின் 52 வார்டில் எண் போட்டு வாக்களிக்கிற முறையை மாநிலச் சட்டத்தைத் திருத்தியே கொண்டுவரலாம், டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் முறைக்கு மட்டும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும், மாநிலங்களின் இடங்களைத் தொடுவதால் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். தொகுதி மறுவரையறை என்ற பெயரில் இடங்களைக் கூட்டுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தென்மாநிலங்கள் தங்கள் பங்கு குறையும் என்று பயப்படுகின்றன, அந்தப் பயம் நியாயமானது. கூட்டுவதாக இருந்தால் இன்றைய பங்கு விகிதத்திலேயே கூட்டி, கூட்டியவற்றைப் பட்டியல் இடங்களாக வையுங்கள் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல சமயம் வராது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எந்த முறை வந்தாலும் வாக்குச்சாவடிக்கே வர முடியாதவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் இருப்பார்கள், தேர்தல் தேதி அதற்குள் வந்து போய்விடும். வளைகுடாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும், ஒரு ஓட்டுக்கு யார் விமானச் சீட்டு எடுப்பார்? ராணுவத்தினருக்குத் தபால் வாக்குச் சீட்டை மின்னணு வழியில் அனுப்புகிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக ஒரே மெஷினில் 72 தொகுதி வரை காட்டக்கூடிய ஒரு மாதிரி இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது, கட்சிகள் எதிர்த்ததில் அது நின்றுபோனது. கடலுக்குப் போகும் முன் மீன்வளத்துறையில் பதிவு செய்துவிட்டு, துறைமுகத்திலேயே முன்கூட்டி வாக்களித்துவிட்டுப் போகிற ஏற்பாட்டுக்குப் புதிய தொழில்நுட்பமே வேண்டாம். வேட்பாளர் பட்டியல் முடிவான நாளில் இருந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களில் தேர்தல் அலுவலர் முன்னிலையில் தபால் வாக்குப் போட விடுங்கள் என்றால் போதும், எண்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய் வாக்கு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. அடுத்த தேர்தலில் உங்கள் பகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த ஒன்றையாவது கேளுங்கள்.